நிறவொதுக்கல் ஆட்சியும் பத்திரிகைகளும்: தென்னாபிரிக்கா 1948 – 1990

எதேச்சாதிகார அரசொன்று பத்திரிகைகளை ஒடுக்குகின்றது என்றவுடன் அச்சகத்தின் கதவிற் பூட்டும், வாயிலில் ஆயுதந் தாங்கிய காவலும், ஒவ்வொரு வரியையும் வாசித்து வெட்டுகின்ற தணிக்கை அதிகாரியுமே பலர் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பு. 1948ஆம் ஆண்டு முதலாகத் தென்னாபிரிக்காவை ஆண்ட வெள்ளையர் ஆட்சியின் வரலாறு இத்தோற்றத்துடன் முற்றாகப் பொருந்துவதன்று. அந்நாட்டிற் பாராளுமன்றம் கூடிற்று, நீதிமன்றங்கள் இயங்கின, அரசைக் கண்டிக்கும் ஆசிரியத் தலையங்கங்களுடன் ஆங்கிலப் பத்திரிகைகள் நாள்தோறும் வெளிவந்தன. தமது நாட்டிற் பத்திரிகைச் சுதந்திரம் உண்டென ஆட்சியாளர் வெளிநாடுகளிற் கூறியபோது இப்பத்திரிகைகளையே சான்றாகக் காட்டினர்.

எந்தப் பத்திரிகையையும் ஓர் ஆணையினால் மூடிவிடும் வல்லமை படைத்திருந்த அரசு பெரும்பாலான பத்திரிகைகளை வெளிவர விட்டது ஏன்? வெளிவர விட்டுக்கொண்டே அவற்றை எவ்வாறு கட்டுப்படுத்திற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயலும்போது ஓருண்மை புலனாகின்றது. தடையுத்தரவு அவ்வரசின் இறுதிக் கருவியாகவே இருந்தது. அதற்கு முன்னரே சட்டத்தின் தெளிவின்மையும், வழக்குச் செலவும், பிணைப்பணமும், உரிமையாளரின் இலாபக் கணக்கும் அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடித்திருந்தன. இதனை அந்நாட்டுப் பத்திரிகை வரலாற்றின் சில முக்கிய நிகழ்ச்சிகளினூடாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

தென்னாபிரிக்காவிற் பத்திரிகைக்கும் ஆட்சிக்கும் இடையிலான பிணக்கு நிறவொதுக்கற் கொள்கையோடு தோன்றியதன்று. கேப் குடியேற்றத்தில் 1824இல் தொடங்கப்பட்ட முதலாவது சுதந்திரப் பத்திரிகை, ஆளுநர் சார்ள்ஸ் சமசெற் பிரபுவின் தணிக்கை முயற்சியினால் அவ்வாண்டிலேயே நின்றுபோயிற்று. தோமஸ் பிரிங்கிள், ஜோன் பெயார்பேண் ஆகியோர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1829இல் பத்திரிகைகளை ஆளுநரின் நேரடிப் பிடியிலிருந்து விடுவிக்கும் சட்டம் பிறந்தது. 1903இல் டேர்பன் நகரிற் காந்தியடிகளின் முயற்சியால் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகிய மொழிகளோடு தமிழிலும் பக்கங்களைத் தாங்கி வெளிவந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழ் மக்களின் குறைகளும் அங்கு அச்சேறின. அப்பத்திரிகை 1961 வரை நிலைத்திருந்தது.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சியின் தலைவர்கள் பத்திரிகையின் வலிமையை ஏட்டறிவால் அறிந்தவர்களல்லர். முதற் பிரதமரான டி. எப். மலான், 1915இல் தொடங்கப்பட்ட 'டி பேர்கர்' என்னும் ஆபிரிக்கான்ஸ் மொழிப் பத்திரிகையின் முதலாவது ஆசிரியராவார். நிறவொதுக்கற் கொள்கையின் சிற்பி எனப்பட்ட ஹென்ட்ரிக் வேர்வூட், 1937இல் யொகானஸ்பேர்க்கில் தோன்றிய 'டி றான்ஸ்வாலர்' பத்திரிகையின் முதலாவது ஆசிரியராவார். பத்திரிகையை ஏணியாகக் கொண்டு ஆட்சிபீடம் ஏறியவர்கள் அவ்வேணியிற் பிறர் ஏறுவதை விரும்பாதது வியப்பன்று.

அக்காலத் தென்னாபிரிக்கப் பத்திரிகைகளை நான்காகப் பகுத்து நோக்கலாம். முதலாவது, ஆளுங் கட்சியைச் சார்ந்து நின்ற ஆபிரிக்கான்ஸ் பத்திரிகைகள். இரண்டாவது, சுரங்க முதலாளிகளோடு நெருங்கிய தொடர்புடைய ஆர்கஸ் நிறுவனம், தென்னாபிரிக்க அசோசியேற்றட் பத்திரிகை நிறுவனம் ஆகிய இரண்டின் ஆங்கிலப் பத்திரிகைகள். மூன்றாவது, கறுப்பின வாசகருக்கெனக் கறுப்பினப் பத்திரிகையாளரால் எழுதப்பட்ட, ஆனால் பெரும்பாலும் வெள்ளையருக்குச் சொந்தமான ஏடுகள். நான்காவது, இடதுசாரி இயக்கங்களையும் விடுதலை இயக்கங்களையும் சார்ந்த சிறிய வாரப் பத்திரிகைகள். அரசின் கை ஒவ்வொரு பிரிவின் மீதும் ஒவ்வொரு விதமாக விழுந்தது. யாருக்காக ஒரு பத்திரிகை பேசிற்றோ, அதற்கேற்பவே அது பெற்ற அடியின் கடுமையும் அமைந்தது.

பெயர் மாற்றிப் பிழைத்த பத்திரிகை

முதலில் வீழ்ந்தது நான்காவது பிரிவேயாகும். 1950ஆம் ஆண்டின் பொதுவுடைமை ஒடுக்கற் சட்டம், பொதுவுடைமை என்னுஞ் சொல்லுக்கு அளித்த வரைவிலக்கணம் மிக விரிந்தது. சட்டவிரோதச் செயல்களாற் சமூக மாற்றத்தைக் கோரும் எவரையும் அதனுள் அடக்க இயலும். இச்சட்டத்தின் கீழ்க் கேப் ரவுணில் 1937 முதல் வெளிவந்த 'கார்டியன்' வாரப் பத்திரிகை 1952இல் தடைசெய்யப்பட்டது. தடை ஒரு பெயருக்கே உரியதாகையால், அதே ஆசிரியர் குழு வேறு பெயரிற் பத்திரிகையைத் தொடர்ந்தது. 'கிளாரியன்', 'பீப்பிள்ஸ் வேர்ல்ட்', 'அட்வான்ஸ்', 'நியூ ஏஜ்', 'ஸ்பார்க்' என அது பெயர் மாறி மாறி உயிர் தரித்தது. பிறயன் பண்டிங், ரூத் பேஸ்ற், கோவன் உம்பேக்கி முதலியோர் அதன் தூண்களாக விளங்கினர்.

இவ்வழியை அடைப்பதற்கு அரசு இரு உபாயங்களைக் கையாண்டது. 1962ஆம் ஆண்டின் பொதுச் சட்டத் திருத்தம், புதிதாகப் பதிவு செய்யப்படும் பத்திரிகை எதிர்காலத்தில் தடைசெய்யப்படாது என்பதில் அமைச்சர் திருப்தியடையாவிடில் 20,000 றான்ட் வரையிற் பிணைப்பணம் கோரலாம் என விதித்தது. பத்திரிகை தடைசெய்யப்பட்டால் அப்பணம் அரசுக்குரியதாகும். பெரு நிறுவனங்களுக்கு இத்தொகை பொருட்டன்று. வாசகரின் சில்லறைக் காசினால் வாழ்ந்த ஏட்டுக்கோ அது மரண தண்டனைக்கு ஒப்பாகும். இரண்டாவது உபாயம், பத்திரிகையை விட்டு அதனை எழுதுவோரைத் தடைசெய்வதாகும். தடைசெய்யப்பட்டவர் எழுதவோ, அவர் கூற்றைப் பிறர் வெளியிடவோ முடியாது. எழுதுவதற்கு ஆளில்லாத நிலையில் 'ஸ்பார்க்' 1963 மார்ச் மாதத்தில் நின்றது. அவ்வாண்டிற் கைதான ரூத் பேஸ்ற், விசாரணையின்றி 117 நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் நாடு கடந்து வாழ்ந்த அவர், 1982 ஓகஸ்ற் 17ஆம் திகதி மொசாம்பிக்கின் மப்புற்றோ நகரில் அஞ்சலில் அனுப்பப்பட்ட குண்டினாற் கொல்லப்பட்டார்.

தடைசெய்யப்பட்டவரின் சொற்களை வெளியிடலாகாது என்ற விதியின் விளைவு பத்திரிகைத் துறையோடு நின்றுவிடவில்லை. நெல்சன் மண்டேலாவும் அவர்தம் தோழர்களும் என்ன கூறினர் என்பதை அந்நாட்டு மக்கள் தம் பத்திரிகைகளில் வாசிக்க முடியவில்லை. கைதிகளின் புகைப்படங்களை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டிருந்தது. தம் நாட்டின் வருங்காலத் தலைவருடைய முகம் எவ்வாறு முதுமையடைந்தது என்பதை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது.

சிறைச்சாலைச் செய்தியும் நான்காண்டு வழக்கும்

அரசின் முறைகளுள் மிக நுட்பமானது சிறைச்சாலைச் செய்திகளின் வரலாற்றில் வெளிப்படுகின்றது. யொகானஸ்பேர்க்கிலிருந்து வெளிவந்த 'டிரம்' சஞ்சிகையின் நிருபரான ஹென்றி நக்ஸுமாலோ, 1952இல் பெதல் பகுதிப் பண்ணைகளில் ஆபிரிக்கத் தொழிலாளர் அடிமைகள் போல் நடத்தப்படுவதை வெளிப்படுத்தியவர். 1954இல் அவர் வேண்டுமென்றே இரவு அனுமதிச் சீட்டின்றி வீதியில் நடந்து கைதாகிச் சிறை சென்றார். அங்கு கண்டவற்றை வெளிவந்து எழுதினார். கைதிகளை நிர்வாணமாக ஆட வைத்துச் சோதனையிடும் வழக்கத்தை அயற் கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து பொப் கொசானி படமெடுத்தார். எழுத்தும் படமும் சேர்ந்து வெளிவந்தபோது அரசினால் மறுக்க இயலவில்லை.

இத்தகைய வெளிப்பாடுகளின் பின்னர் 1959இல் சிறைச்சாலைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சிறைகளைப் பற்றியோ கைதிகளைப் பற்றியோ பொய்யான செய்தி வெளியிடுவது அச்சட்டத்தின்படி குற்றம். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், செய்தியைச் சரிபார்க்கத் தகுந்த நடவடிக்கைகள் மேற்கொண்டதை நிரூபிக்கும் பொறுப்பு வெளியிட்டவர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. சிறைக்குள் நுழைய அனுமதி இல்லாத ஒருவர், சிறைக்குள் நடந்ததை நிரூபிக்க வேண்டியவரானார். சட்டத்தின் முழு வலிமையும் இந்த ஒரு வாசகத்திலேயே தங்கியிருந்தது.

1965இல் இச்சட்டம் பரீட்சைக்குள்ளாயிற்று. யொகானஸ்பேர்க்கின் 'றான்ட் டெயிலி மெயில்' 1902இல் தொடங்கப்பட்டது. 1957இல் அதன் ஆசிரியரான லோரன்ஸ் கண்டார், வெள்ளையருக்கான பத்திரிகையாக இருந்த அதனை நிறவொதுக்கற் கொள்கையின் முதன்மை விமர்சகராக மாற்றினார். அரசியற் கைதியாக மூன்றாண்டு சிறையிலிருந்து விடுதலையான ஹரோல்ட் ஸ்ட்ராகன் என்பவரிடம் நிருபர் பெஞ்சமின் பொக்ரண்ட் நீண்ட நேர்காணல் நடத்தினார். சிறையின் அழுக்கும் அடியும் அவமதிப்பும் விபரமாக எழுதப்பட்டன. நிறுவனத்தின் சட்டத்தரணி அவற்றை வரிவரியாகப் பரிசீலித்தார். அதன் பின்னரே கட்டுரைகள் வெளிவந்தன.

அரசு பத்திரிகையை மூடவில்லை. பொலிசார் அலுவலகத்தைச் சோதனையிட்டனர். செய்தி தந்த ஸ்ட்ராகன் மீண்டும் சிறையிடப்பட்டார். அவர் கூற்றை உறுதிப்படுத்தியோர் சிலரும் தண்டிக்கப்பட்டனர். கண்டார், பொக்ரண்ட் ஆகியோரின் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. அவர்கள் மீதான பிரதான வழக்கு 1968 நவம்பரில் தொடங்கி 1969 யூலையில் முடிவுற்றது. இருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். கண்டாருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 200 றான்ட். பொக்ரண்டுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. தண்டனை சிறியது, ஆனால் நான்காண்டுக் காலமாகப் பத்திரிகை தாங்கிய அலைச்சலும் சட்டச் செலவும் மிகப் பெரியவை. ஏனைய ஆசிரியர்கள் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. அதன் பின்னர் நீண்ட காலம் தென்னாபிரிக்கப் பத்திரிகைகளிற் சிறைச்சாலை நிலைமைகள் பற்றிய செய்திகள் ஏறக்குறைய முற்றாக மறைந்தன. அரசு ஒரு சொல்லையேனும் வெட்டவில்லை; ஆசிரியர்களே எழுதாது விட்டனர்.

தாமே அமைத்த விலங்கு

இவ்விடத்தில், பத்திரிகை உரிமையாளர்களின் நிலைப்பாட்டையும் நோக்குதல் அவசியமாகின்றது. 1950இல் நியமிக்கப்பட்ட பத்திரிகை விசாரணை ஆணைக்குழு தன் பணியை முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அக்காலம் முழுவதும் புதிய தணிக்கைச் சட்டம் வரக்கூடும் என்ற அச்சம் பத்திரிகைகளின் தலைக்குமேற் தொங்கிற்று. அதனைத் தவிர்க்கும் பொருட்டு 1962இல் உரிமையாளர் சங்கம் தானாகவே ஓர் ஒழுக்கக் கோவையையும் அதனைக் கண்காணிக்கும் சபையையும் அமைத்தது. அதற்குப் பிரதியுபகாரமாக, 1963ஆம் ஆண்டு வெளியீடுகள் தணிக்கைச் சட்டத்திலிருந்து சங்கத்தின் அங்கத்துவப் பத்திரிகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் பிரதமர் ஜோன் வோஸ்ரர் மிரட்டும் போதெல்லாம் அக்கோவை மேலும் இறுகிற்று.

இவ்வேற்பாட்டை ஆதரித்தோர் கூறிய நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அரச தணிக்கையாளரின் கையிற் சிக்குவதிலும் பார்க்கத் தம்முள் ஒரு சபைக்குப் பதில் கூறுவது மேல் என அவர்கள் வாதித்தனர். கதவு முற்றாக மூடப்படாதவரை ஏதேனும் ஓர் உண்மையையாவது வெளிக்கொணரலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை வலுவானது என்பது 1977இல் தெரிய வந்தது.

1976 – 1977

1976 யூன் 16ஆம் திகதி சொவேற்றோவில் ஆபிரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலமாகச் சென்ற பாடசாலை மாணவர் மீது பொலிசார் சுட்டனர். சுடப்பட்ட ஹெக்ரர் பீற்றர்சன் என்னும் சிறுவனை மற்றொரு மாணவன் ஏந்திச் செல்லும் படம் உலகெங்கும் பரவியது. அதனை எடுத்த சாம் இன்சிமா, 'வேர்ல்ட்' என்னும் பத்திரிகையின் புகைப்படக் கலைஞர். அப்படத்தின் பின்னர் பொலிசாரின் தொல்லை தாங்காது அவர் யொகானஸ்பேர்க்கையும் தம் தொழிலையும் விட்டு நீங்க நேர்ந்தது.

'வேர்ல்ட்' ஆர்கஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆனால் அதன் ஆசிரியர் பேர்சி கொபோசாவும் நிருபர்களும் கறுப்பினத்தவர். வெள்ளை நிருபர்கள் நுழைய முடியாத நகர்ப்புறக் குடியிருப்புகளில் அவர்களே செய்தி திரட்டினர். உலகம் சொவேற்றோவை அறிந்தது பெரும்பாலும் அவர்களின் கண்களாலேயே எனலாம். அவர்களுட் பலர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர்.

1977 செப்ரெம்பர் 12ஆம் திகதி கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பீக்கோ பொலிஸ் காவலில் மரணமடைந்தார். அவர் உண்ணாவிரதம் இருந்தமையால் இறந்ததாகப் பொருள்படும் வகையில் அமைச்சர் ஜிம்மி குரூகர் அறிவித்தார். 'றான்ட் டெயிலி மெயில்' நிருபர் ஹெலன் சில்லே, பீக்கோவைப் பரிசோதித்த மருத்துவர்களைத் தேடிச் சென்று, உண்ணாவிரதத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை என்பதை ஒக்ரோபர் மாதத்தில் வெளிப்படுத்தினார். அமைச்சர் பத்திரிகை மன்றத்திடம் முறையிட்டார். பத்திரிகைகள் தம்மைக் காக்கவெனத் தாமே அமைத்த மன்றம், செய்தி உள்நோக்கமுடையது எனக் கண்டித்துத் திருத்தம் வெளியிடுமாறு பணித்தது. ஆனால் ஆண்டிறுதியில் நடைபெற்ற மரண விசாரணை, பீக்கோ மூளையில் ஏற்பட்ட காயங்களினாலேயே இறந்தார் என்பதை வெளிக்கொணர்ந்தது. சில்லேயின் செய்தி முற்றிலும் உண்மையாயிற்று. அவ்வுண்மையைத் தண்டித்தது அரச தணிக்கையாளரன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஒக்ரோபர் 19ஆம் திகதி, ஒரு புதன்கிழமை, அரசு தன் இறுதிக் கருவியைக் கையிலெடுத்தது. 'வேர்ல்ட்', 'வீக்கென்ட் வேர்ல்ட்' ஆகிய இரண்டும், கிறிஸ்தவ நிறுவனத்தின் 'புறோ வெறிற்றாற்றே' சஞ்சிகையும் தடைசெய்யப்பட்டன. கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம் உட்படப் பல அமைப்புகளும் அன்றே தடைக்குள்ளாயின. கொபோசா கைதாகி ஏறக்குறைய ஐந்து மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். ஈஸ்ற் லண்டன் நகரின் 'டெயிலி டிஸ்பாச்' ஆசிரியரும் பீக்கோவின் நண்பருமான டொனால்ட் வூட்ஸ், ஐந்தாண்டு காலத்துக்கு எழுதவும் பொது வாழ்விலீடுபடவும் தடைசெய்யப்பட்டார். அவ்வாண்டின் இறுதி நாளில் மாறுவேடம் பூண்டு லெசொத்தோவுக்குத் தப்பிச் சென்ற அவர், பீக்கோவின் வரலாற்றை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றார்.

தடுப்புக் காவல் மரணங்கள் பற்றிய செய்திகளுக்கு அரசு அளித்த பதில் எதிர்பார்க்கத்தக்கதே. 1979இல் பொலிஸ் சட்டம் திருத்தப்பட்டது. சிறைச்சாலைச் சட்டத்தில் இருந்த அதே நிரூபிக்கும் பொறுப்பு, இப்போது பொலிசார் பற்றிய செய்திகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 'டிரம்' சிறையை வெளிப்படுத்தியபின் ஒரு சட்டம். பீக்கோவின் மரணம் வெளிப்பட்டபின் மற்றொரு சட்டம். ஒவ்வோர் உண்மையும் வெளிவந்த வழி, அதன் பின்னர் அடைக்கப்பட்டது.

பணத்தின் வழி

தடையினால் மட்டுமன்றிப் பணத்தினாலும் பத்திரிகைகளை வெல்ல அரசு முயன்றமை 1978இல் அம்பலமாயிற்று. 1975இல் லூயிஸ் லெயிற் என்னும் வர்த்தகர், 'றான்ட் டெயிலி மெயிலை' வெளியிட்ட நிறுவனத்தை விலைக்கு வாங்க முயன்று தோல்வியுற்றார். 1976 செப்ரெம்பரில் அவர் பெயரில் 'சிற்றிசன்' என்னும் ஆங்கில நாளிதழ் தோன்றியது. அரசை ஆதரிக்கும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று இயல்பாகவே உருவாகிவிட்டது போன்ற தோற்றம் இருந்தது. உண்மையில் அதன் பின்னணியில் தகவற் திணைக்களத்தின் இரகசிய நிதி இருந்தது. ஏறக்குறைய 3 கோடி 20 இலட்சம் றான்ட் பொதுப்பணம் இவ்வாறு பாய்ந்தது.

'றான்ட் டெயிலி மெயில்', 'சண்டே எக்ஸ்பிரஸ்' ஆகியவற்றின் நிருபர்கள் துளித்துளியாகத் திரட்டிய செய்திகளும், நீதிபதி அன்ரன் மொஸ்ரேட் 1978 நவம்பரில் துணிந்து பகிரங்கப்படுத்திய சாட்சியங்களும் இவ்வூழலை வெளிக்கொணர்ந்தன. தகவல் அமைச்சராக இருந்த கொனி மல்டர் பதவியிழந்தார். பிரதமர் பதவியிலிருந்து விலகி ஜனாதிபதியாகியிருந்த வோஸ்ரரும் 1979 யூனில் அப்பதவியைத் துறந்தார். பத்திரிகைகளின் வெற்றிகளுள் இதுவே தலையாயது. ஆயினும் அவ்வாண்டிலேயே, ஊழற் குற்றச்சாட்டுகளை அரச அதிகாரி ஒருவர் ஆராயும் வரை பத்திரிகைகள் வெளியிடக்கூடாது என்னும் பிரிவைக் கொண்ட சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. பலத்த எதிர்ப்பின் காரணமாக அப்பிரிவு கைவிடப்பட்டது. எதிர்த்து நின்றால் அரசு பின்வாங்கக்கூடும் என்பதற்கும் இது ஒரு சான்றாகும்.

ஒரு பத்திரிகையின் மரணம்

கறுப்பினப் பத்திரிகைகள் தொடர்ந்தும் நேரடித் தாக்குதலுக்கே உள்ளாயின. 'வேர்ல்டின்' இடத்தில் வந்த 'போஸ்ற்', பத்திரிகையாளர் வேலைநிறுத்தத்தின்போது வெளிவராமையினாற் பதிவை இழந்தது. மீண்டும் வெளிவந்தாற் தடைசெய்யப்படும் என அரசு எச்சரித்தமையால் 1981 தொடக்கத்தில் அது மூடப்பட்டு, 'சொவேற்றன்' தோன்றிற்று. தொழிற்சங்கத் தலைவரான ஸ்வெலாக்கே சிசுலு தடையுத்தரவுக்குள்ளானார். 1982இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிணைப்பணத்தின் உச்ச வரம்பை 40,000 றான்டாக உயர்த்தியது.

'றான்ட் டெயிலி மெயில்' 1985 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றபோது அதனை மூடியது அரசன்று. நட்டத்தைக் காரணங் காட்டி உரிமையாளரே மூடினர். அதன் வாசகருட் பெரும்பான்மையினர் அப்போது கறுப்பினத்தவராக இருந்தனர். விளம்பரகாரரோ வாங்குஞ் சக்தி படைத்த வெள்ளை வாசகரையே தேடினர். வாசகர் தொகை கூடியும் வருமானம் குறைந்தது. நாட்டின் செல்வம் நிறத்தின்படி பங்கிடப்பட்டிருந்த நிலையில், அனைத்து மக்களுக்காகவும் பேச முனைந்த பத்திரிகை சந்தையில் நிலைக்க முடியாது போயிற்று. நிறவொதுக்கற் பொருளாதாரமே அரசின் தணிக்கையாளராகத் தொழிற்பட்டது எனலாம். 1965 முதல் இருபது ஆண்டுகளாக அரசினாற் செய்ய முடியாததைக் கணக்கேடு செய்து முடித்தது.

அப்பத்திரிகை நின்றதால் வேலையிழந்தோர் சிலர், தமக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தை மூலதனமாக்கி, அவ்வாண்டு யூன் மாதத்தில் 'வீக்லி மெயில்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். அன்ரன் ஹாபர், இர்வின் மனோயிம் ஆகியோர் அதன் இணை ஆசிரியர்கள். அடுத்த மாதமே நாட்டின் பல பகுதிகளில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது; 1986 யூன் 12இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. அமைதியின்மை நிகழுமிடங்களில் நிருபர்கள் நிற்பதும், படையினரின் நடவடிக்கைகளை எழுதுவதும் தடுக்கப்பட்டன. 'வீக்லி மெயில்' சட்டத்தரணிகள் நீக்கச் சொன்ன வரிகளைக் கறுப்பு மையாற் பூசி வெளியிட்டது. வாசகருக்கு மறைக்கப்பட்டது என்ன என்பது தெரியாவிடினும், மறைக்கப்பட்டது என்பதாவது தெரிந்தது. முந்திய தலைமுறை ஆசிரியர்கள் இதனைச் செய்யத் தவறியிருந்தனர்.

கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவில் 1986இல் தொடங்கிய 'நியூ நேஷன்' பத்திரிகையின் ஆசிரியர் சிசுலு, அவ்வாண்டு டிசெம்பர் முதல் இரண்டு ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையிருந்தார். 1988இல் அப்பத்திரிகை மூன்று மாதங்களும், கேப் ரவுணின் 'சவுத்', யொகானஸ்பேர்க்கின் 'வீக்லி மெயில்' ஆகியவை குறுகிய காலங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் மக்ஸ் டு பிறீஸ் என்பார் ஆட்சியாளரின் சொந்த மொழியான ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே 'பிரேயா வீக்பிளாட்' என்னும் எதிர்ப்பு ஏட்டைத் தொடங்கினார். அதனிடம் 30,000 றான்ட் பிணைப்பணம் கோரப்பட்டது. 1989 நவம்பரில், பொலிஸ் கொலைக் குழுவொன்றின் தலைவராக இருந்த டேர்க் குட்சியாவின் வாக்குமூலத்தை அது வெளியிட்டது. அரசு நீண்டகாலம் மறுத்துவந்த கொலைகள் அக்குழுவைச் சேர்ந்தவர் வாயாலேயே உறுதியாயின.

1990 பெப்ரவரி 2ஆம் திகதி ஜனாதிபதி டி கிளார்க் விடுதலை இயக்கங்களின் மீதான தடையை நீக்கியபோது, பத்திரிகைகள் மீதான அவசரகால விதிகளும் நீங்கின. ஆயினும் 'பிரேயா வீக்பிளாட்' பிழைக்கவில்லை. பொலிஸ் தளபதி லோத்தர் நீத்லிங் தொடுத்த மானநட்ட வழக்கில் முதலில் வென்ற அப்பத்திரிகை, மேன்முறையீட்டில் தோற்றது. வழக்குச் செலவைத் தாங்க முடியாது, நாட்டின் முதலாவது சனநாயகத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1994 பெப்ரவரியில் அது நின்றது.

முடிவுரை

1997 செப்ரெம்பரில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு பத்திரிகைகள் குறித்து விசேட அமர்வு நடத்தியது. ஆபிரிக்கான்ஸ் பத்திரிகைகளின் பெரு நிறுவனம் ஆணைக்குழுவின் முன் விளக்கமளிக்க மறுத்தது. அதன் பத்திரிகையாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் தனித்தனியே தம் மௌனத்துக்கு மன்னிப்புக் கோரினர். ஆங்கிலப் பத்திரிகைகளும் பழியினின்றும் தப்பவில்லை. அவை எதிர்த்தன என்பதை ஏற்றுக்கொண்ட ஆணைக்குழு, தம்மைத் தாமே தணிக்கை செய்தன என்பதையும் சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பு கடுமையானதா? கண்டாரும் பொக்ரண்டும் சில்லேயும் ஆற்றிய பணியை நோக்குமிடத்து அவ்வாறு தோன்றலாம். ஆனால் 1969க்குப் பின்னர் சிறைகளைச் சூழ்ந்த மௌனத்தை நோக்குமிடத்து அதனை மறுக்க இயலாது. காவலில் இருப்பவருக்கு நிகழ்வது வெளிவராது என்ற உறுதி, அடிப்பவரின் கைக்குத் துணிவைத் தந்தது. பீக்கோவுக்கு முன்னரும் பலர் காவலில் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைப் பற்றி உத்தியோகபூர்வ அறிக்கைக்கு அப்பால் எதுவும் எழுதப்படவில்லை. பத்திரிகையின் மீதான அழுத்தத்தின் விலையைப் பத்திரிகையாளர் மட்டும் செலுத்துவதில்லை.

1996ஆம் ஆண்டின் தென்னாபிரிக்க அரசியலமைப்பு பத்திரிகைச் சுதந்திரத்தைத் தன் 16ஆவது பிரிவில் உறுதி செய்துள்ளது. ஒக்ரோபர் 19ஆம் நாள் அந்நாட்டில் ஊடக சுதந்திர நாளாக நினைவுகூரப்படுகின்றது. அந்நாள் பத்திரிகைகள் வெளிப்படையாக மூடப்பட்ட நாளாகும். ஓர் ஆசிரியர் சட்டத்தரணியின் குறிப்பை வாசித்து, செலவைக் கணக்கிட்டு, செய்தியை மேசை இழுப்பறையில் இட்டுப் பூட்டிய நாட்களுக்குத் திகதி கிடையாது, அவற்றை நினைவுகூர்வாருமிலர். அவ்வரசின் பலத்தை அளக்க விரும்பும் வரலாற்று மாணவன், மூடப்பட்ட பத்திரிகைகளின் பட்டியலோடு, வெளிவந்த பத்திரிகைகளில் எழுதப்படாதவற்றையும் தேடிப் பார்த்தல் வேண்டும்.